மூன்றாம் மாடிப் பேச்சு

லிஃப்ட் மெக்கானிக்கின் மகளுக்கு வீட்டில் வக்கீல் என்று பெயர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று தனியாக இருக்கிறது. அதைச் சொல்லிக் கூப்பிட்டால், யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று திரும்பியே பார்க்க மாட்டாள். பல் தேய் என்றால் எதற்கு என்று கேட்ட குழந்தை அது. எதற்கு என்று சொன்னால், பூனை ஏன் தேய்ப்பதில்லை என்று கேட்கும். மருந்துக்கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டு வரும் அம்மாவுக்கு இதெல்லாம் தலைவலி. அப்பாவுக்கோ அதற்காகத்தான் வீடு.

அவர் வேலை அப்படி. காலையில் ஒரு கட்டடத்தின் லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் கயிறு, கிரீஸ், தண்டவாளம் இவற்றோடுதான் குடும்பம். லிஃப்ட் ஒழுங்காக ஓடினால் அவரை யாரும் நினைப்பதில்லை, நின்றுபோனால் எல்லோரும் திட்டுவார்கள். ஆகவே மனுஷப் பேச்சு என்பது அவருக்கு ராத்திரிச் சாப்பாட்டோடுதான். அப்பாவும் மகளும் ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு மல்லுக்கு நிற்பார்கள். தோற்றவர் பாத்திரம் கழுவ வேண்டும் என்பது ஒப்பந்தம். யார் ஜெயித்தாலும் எனக்கு வேலை மிச்சம் என்று அம்மா கையைக் கழுவிக்கொண்டு போய்ப் படுத்துவிடுவாள். பத்தில் ஏழு நாள் அப்பாதான் கழுவினார். அதில் அவருக்கு இருந்த பெருமை சொல்லி மாளாது.

பள்ளி முடிந்ததும் வக்கீலுக்கு இரண்டு கல்லூரிகளில் இடம் கிடைத்தது. ஒன்று வீட்டிலிருந்து பஸ்ஸில் நாற்பது நிமிடம். இன்னொன்று ரயிலில் பதினோரு மணி நேரம். இரண்டும் அனுப்பியிருந்த வழவழப்பான புத்தகங்களை அவள் மேசைமேல் பக்கத்தில் பக்கத்தில் விரித்துவைத்தாள்.

"அப்பா, இதைக் கொஞ்சம் பாருங்க. ரெண்டுலயும் அதே புல்தரை, அதே மரம், அதே மூணு பேர் உக்காந்து சிரிக்கிறாங்க. என்ன ஜோக்குன்னு மட்டும் எங்கயும் போடல."

"காலேஜ் புத்தகத்துல பின்ன அழுதுட்டா இருப்பாங்க?"

"பாடம் எங்க போனாலும் அதே பாடம்தாம்பா. அதைப் படிக்க நான் எங்கயும் போக வேண்டாம். பெல் அடிச்சதுக்கு அப்புறம் இந்தப் பசங்க என்ன பண்றாங்க, எதைப் பத்திப் பேசறாங்க? எனக்கு அதுதான் தெரியணும். ஸ்கூல்ல நான் கேள்வி கேட்டாலே எல்லாரும் மணியப் பாத்தாங்க. இன்னும் மூணு வருஷம் அப்படி இருக்க என்னால முடியாதுப்பா."

கடைசி வாக்கியத்தை விளையாட்டாகத்தான் சொல்ல நினைத்தாள். குரல் கொஞ்சம் இடறிவிட்டது. அப்பா கவனித்தார்.

அவளே போய்ப் பார்த்துவிட்டு வரலாம்தான். ஆனால் மாடிப்படியில் புத்தகம் படித்துக்கொண்டே இறங்கிக் கணுக்காலை உடைத்துக்கொண்டு, மாவுக்கட்டோடு கிடந்தாள். வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒரு கல்லூரிக்குச் சம்மதம் எழுதியாக வேண்டும். அந்த வாரம் பார்த்து, தூரத்துக் கல்லூரியின் இரண்டு லிஃப்ட்டுகளுக்கும் கயிறு மாற்றும் வேலை அப்பாவின் கம்பெனிக்கு வந்தது. மூன்று நாள் வேலை. வக்கீல் படுக்கையில் எழுந்து உட்கார்ந்துவிட்டாள். ஒரு தாளில் ஐந்து கேள்வி எழுதிக் கொடுத்தாள்.

வகுப்பு முடிந்து ஒரு மணி நேரம் கழித்து எத்தனை அறையில் ஆள் இருக்கிறது? அறிவிப்புப் பலகையில் மாணவர்கள் கையால் எழுதி ஒட்டியது எத்தனை, அலுவலகம் ஒட்டியது எத்தனை? கேன்டீனில் மார்க்கைத் தவிர வேறு எதையாவது பேசுகிறார்களா? நூலகத்தில் பாடப்புத்தகம் அல்லாத புத்தகம் கிழிந்திருக்கிறதா? கடைசியாக, முதல் வருடப் பிள்ளை கடைசி வருடப் பிள்ளையை எதிர்த்துப் பேசுமா?

"அந்தக் காலேஜ் பசங்ககிட்டயே போன்ல கேட்டுடலாமே" என்றார் அப்பா.

"அவங்க காலேஜை அவங்க விட்டுக் கொடுப்பாங்களா? நீங்கன்னா பாத்ததை அப்படியே சொல்லுவீங்க."

அது உண்மை. சர்வீஸ் நோட்டில் கண்ணால் பார்க்காத எதற்கும் அவர் 'சரி' போட்டதில்லை. அதற்காகவே மேலதிகாரியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டவர்.

தூரத்துக் கல்லூரிக்குப் போனார். கூட வந்த எலக்ட்ரீஷியனை, வயது வித்தியாசம் பார்க்காமல், கம்பெனியில் எல்லோரும் சித்தப்பா என்றுதான் கூப்பிடுவார்கள். சித்தப்பா மொட்டை மாடி மெஷின் ரூமில் உட்கார்ந்துகொள்ள, இவர் லிஃப்ட் கூண்டின் தலைமேல் நின்றுகொண்டு குழிக்குள் மெதுவாக ஏறி இறங்கினார். லிஃப்ட் குழி ஒரு விசித்திரமான இடம். எந்த மாடியில் யார் பேசினாலும் அதற்குள் வந்து விழும். அலுவலகக் கட்டடங்களில் அவர் காதில் விழுவதெல்லாம் சம்பளம், லீவு, இன்னொருத்தர் பெண்டாட்டி. அதனால் ரொம்ப நாளாகக் காதை மூடிக்கொள்ளப் பழகியிருந்தார். இங்கே முதல் நாள் மாலை, மூன்றாம் மாடிப் பக்கத்திலிருந்து ஒரு பெண் குரல், "நீ சொல்றது அழகா இருக்கு, ஆனா உண்மையில்ல" என்று கத்தியது. கையிலிருந்த ஸ்பேனரை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றார். இருபது நிமிடம் நின்றார். மேலேயிருந்து சித்தப்பா, "என்னய்யா, தூங்கிட்டியா?" என்று குரல் கொடுத்த பிறகுதான் வேலை ஞாபகம் வந்தது.

மறுநாள்தான் விசேஷம். ஒரு லிஃப்ட் வேலையில் இருந்ததால் இன்னொன்றில் கூட்டம் நெருக்கியடித்து ஏற, அது இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே நின்றுவிட்டது. இருபத்தைந்து வருட அனுபவத்தில் இந்தக் காட்சி அவருக்கு மனப்பாடம். கதவைத் தட்டுவார்கள், அலறுவார்கள், ஒருவர் மயங்குவார், திறந்ததும் அவரைத்தான் திட்டுவார்கள். பதறிக்கொண்டு ஓடி மூன்றாம் மாடிக் கதவைச் சாவி போட்டுத் திறந்து, கீழே குனிந்து பார்த்தார். உள்ளே எட்டுப் பேர் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரே வாக்குவாதம். ஒருவன் மட்டும் நிமிர்ந்து பார்த்து, "அண்ணா, ரெண்டே நிமிஷம். இவ முடிச்சிடட்டும்" என்றான்.

மாட்டிக்கொண்டவர்கள் அவரைக் காத்திருக்கச் சொன்னது அதுதான் முதல் தடவை.

புதன்கிழமைதோறும் மூன்றாம் மாடிக் கோடி அறையில் கூடுகிறவர்களாம். கூட்டத்துக்குப் போகிற வழியில் லிஃப்ட் நின்றுவிட்டதால் கூட்டத்தை அங்கேயே ஆரம்பித்துவிட்டார்கள். ஏணி வைத்து ஏற்றிவிட்டதும், கிரீஸ் கையோடு அவரையும் இழுத்துக்கொண்டு போனார்கள். வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே போனார். அன்றைய கேள்வி இதுதான். ஒருவருக்காக இன்னொருவர் வரிசையில் இடம் பிடித்து நிற்பது நியாயமா? இதில் என்ன இருக்கிறது பேச என்று நினைத்தவருக்கு, அரை மணி நேரத்தில் தலை சுற்றியது. நின்ற கால்வலி யாருடையதோ இடமும் அவருக்குத்தான் என்றது ஒரு கட்சி. கால்வலியை அன்பளிப்பாகக் கொடுக்கலாமா கூடாதா என்றது இன்னொன்று. ஆசிரியர் ஒருவர் தாமதமாக வந்து, தரையில் உட்கார்ந்து, பேச வாய்ப்புக் கேட்டுக் கையைத் தூக்கினார். கடைசியில் இருக்கிறீர்கள், காத்திருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். கிராப்பு வெட்டிய முதல் வருடப் பெண் ஒருத்தி, தாடி வைத்த கடைசி வருடத்து ஆளைப் பார்த்து, "தப்பு. இதுவரைக்கும் நீங்க சொன்னதுலயே இதுதான் பெரிய தப்பு" என்றாள். தாடி யோசித்தான். "ஆமா, நான் அதைப் பாக்கல" என்று சிரித்தான். மெக்கானிக் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். ஐந்தாம் கேள்வி அந்தத் தாளில்தான் இருந்தது.

"நீங்க சொல்லுங்கண்ணா" என்றாள் கிராப்புப் பெண்.

"எனக்கு என்னம்மா தெரியும். லிஃப்ட்டுல பாத்திருக்கேன். வெளில நிக்கறப்போ உள்ள இருக்கறவனப் பாத்து, நகர மாட்டேங்கறானேன்னு திட்டுவான். எப்படியோ முட்டி மோதி உள்ள வந்துட்டா, அடுத்த மாடில நிக்கறவனப் பாத்து அவனே இடமில்லம்பான். ஒரே ஆளுதான். ஒரே ஒரு மாடிதான் மேல போயிருப்பான்."

அந்தப் பெண் அவர் சொன்னதை நோட்டில் எழுதிக்கொண்டாள். வாழ்க்கையில் அவர் வாயிலிருந்து வந்ததை யாரும் எழுதிக்கொண்டதில்லை. அவருக்குக் கண் கலங்கிவிட்டது. கிரீஸ் பட்டுவிட்டது என்று சொல்லிச் சமாளித்தார்.

அப்போதுதான் ஜன்னலோரம் காலியாக இருந்த ஒரு நாற்காலியைப் பார்த்தார். வக்கீல் அதில் ஒரு காலை மடித்துப் போட்டு உட்கார்ந்து, தாடிக்காரனைக் கிழி கிழி என்று கிழிப்பது அப்படியே கண்ணுக்குத் தெரிந்தது. பூரித்துப் போனார். பூரித்த அதே நொடியில் இன்னொன்றும் தோன்றியது. அந்த நாற்காலியில் ஒரு தடவை உட்கார்ந்துவிட்டால் அவள் எதற்காக எழுந்து வீட்டுக்கு வருவாள்?

ரயிலில் திரும்பும்போது ஐந்து பதில்களையும் தாளில் எழுதிவிட்டார். ஆறு மணிக்குப் பதினொரு அறையில் ஆள். கையால் எழுதிய அறிவிப்பு இருபத்தேழு, அலுவலகத்தினுடையது நான்கு. இப்படி எல்லாமே எழுதினார். சொல்லிவிடுவதாகத்தான் இருந்தார், அதில் சந்தேகம் வேண்டாம். எப்படி ஆரம்பிப்பது, லிஃப்ட் நின்ற கதையை எங்கே வைப்பது என்றெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார்.

வீட்டுக் கதவைத் தட்டினார். மாவுக்கட்டுக் காலைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்து அவள்தான் திறந்தாள். பையைக்கூட இறக்க விடவில்லை. "அப்பா, மூணு நாளா கேக்க ஆளே இல்ல. சொல்லுங்க. கடன் குடுத்த குடையை மழை வர அன்னிக்குத் திருப்பிக் கேக்கலாமா?"

மூன்று நாளாகக் கேட்க ஆளே இல்லை. அவருக்கு அது போதுமாயிருந்தது. இவள் போய்விட்டால் இந்தக் கதவை யார் திறப்பார்கள் என்று நினைத்தார். என்ன சொல்கிறோம் என்று தெரிவதற்குள் வாய் சொல்லிவிட்டது.

"போன விஷயம் ஒண்ணும் சரியில்லம்மா. அஞ்சு மணிக்கு மேல ஈ காக்கா இல்ல அங்க. அறிவிப்புப் பலகைல எல்லாம் ஆபீஸ் போட்டதுதான். பசங்க குனிஞ்ச தலை நிமிராம வராங்க, போறாங்க."

சிரித்துக்கொண்டிருந்த முகம் அப்படியே நின்றது. "நல்லாப் பாத்தீங்களா? மூணு நாளுமா?"

"மூணு நாளும்."

"கேன்டீன்ல?"

"மார்க்கு, மார்க்கு, மார்க்கு."

ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை அவள் எதிர்த்துச் சொல்லியிருந்தால்கூட அவர் உடைந்து உண்மையைக் கொட்டியிருப்பார். பூனை ஏன் பல் தேய்ப்பதில்லை என்று கேட்டவள், இதை மட்டும் கேள்வி கேட்கவில்லை. "நீங்களே பாத்துட்டு வந்துட்டீங்க, அப்புறம் என்ன" என்று சொல்லிவிட்டுச் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள். வெள்ளிக்கிழமை பக்கத்துக் கல்லூரிக்குச் சம்மதம் எழுதினாள். எழுதிய தாளைத் தபாலில் போட்டுவிட்டு வந்தவரும் அவர்தான்.

பக்கத்துக் கல்லூரியைக் குறை சொல்லக் கூடாது. நேரத்துக்குப் பாடம் நடக்கும், நேரத்துக்குப் பஸ் கிளம்பும், வேலைக்கு ஆள் எடுக்க நேரத்துக்கு வருவார்கள். வக்கீல் முதல் மாதம் வகுப்பில் கேள்வி கேட்டாள். அது பரீட்சைக்கு வராது என்று பதில் வந்தது. பின்னால் நாலு பேர் சிரித்தார்கள். செவ்வாய்தோறும் கூடிப் பேசலாம், வாருங்கள் என்று கையால் எழுதி ஒரு தாள் ஒட்டினாள். அலுவலக முத்திரை இல்லை என்று காவலாளி கிழித்துவிட்டார். முத்திரை வாங்க மூன்று வாரம் அலைந்து வாங்கி, மறுபடி ஒட்டினாள். செவ்வாய் மாலை அறையில் தனியாக உட்கார்ந்திருந்தாள். ஒரு பெண் எட்டிப் பார்த்து, இங்கே பஸ் பாஸ் கொடுக்கிறார்களா என்று கேட்டுவிட்டுப் போனது. இவ்வளவையும் வீட்டில் ஒரு நாள் சிரித்துக்கொண்டே சொன்னாள். அம்மாவும் சிரித்தாள். அப்பா, சாப்பிட்ட கை காயும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தார்.

அதற்குப் பிறகு அவள் சொல்வதையும் நிறுத்திவிட்டாள். "இன்னிக்கு என்ன நடந்துச்சு?" என்றால், "ஒண்ணும் இல்லப்பா." அவர் வேண்டுமென்றே வம்புக்கு இழுத்துப் பார்த்தார். பொதுக்குழாயில் தண்ணீர் பிடிக்கப் பலசாலிதான் முதலில் நிற்க வேண்டும் என்றார். புத்தகம் படிக்கிறவர்களுக்கு வரி போட வேண்டும் என்றார். வாய்க்கு வந்த அநியாயத்தையெல்லாம் நியாயம் என்று சாதித்தார். முன்பானால் வீடு இரண்டுபட்டிருக்கும். இப்போது அவள், "சரிப்பா" என்றாள்.

சரிப்பா. அந்த வார்த்தையை அவர் வெறுக்க ஆரம்பித்தார். சாப்பிட்டதும் வாதம் ஏதும் இல்லாமலே அவள் எழுந்து பாத்திரத்தைக் கழுவினாள். பெண்ணுக்குப் பொறுப்பு வந்துவிட்டது என்று அம்மாவுக்குச் சந்தோஷம். குழாய்ச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு அவர் முன்னறையில் உட்கார்ந்திருப்பார். எது வீட்டை விட்டுப் போகக் கூடாது என்று பொய் சொன்னாரோ அது போய்விட்டது. அவளை மட்டும் வைத்துக்கொண்டிருந்தார்.

ஒருமுறை சித்தப்பா சாப்பிட வந்தார். வந்த மனிதர் சும்மா இருக்கக் கூடாதா? "என்னம்மா வக்கீலு, உங்கப்பா அந்தக் காலேஜ்ல போட்ட போடு..." என்று ஆரம்பித்தார். மெக்கானிக் பாய்ந்து, "சித்தப்பா, குடிக்கத் தண்ணி வேணுமா?" என்று சொம்பை அவர் மடியிலேயே கவிழ்த்தார். துடைக்கிற அமளியில் பேச்சு எங்கேயோ போய்விட்டது. வக்கீலும் என்ன ஏது என்று கேட்கவில்லை. மூக்கில் வியர்க்கிற பெண், கண்ணெதிரே நடந்த இந்த அழகைப் பார்த்தும் கேட்காமல் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. மாட்டிக்கொள்ளவில்லை என்ற நிம்மதி அவருக்கு வரவே இல்லை. கேட்டிருக்கலாமே என்றுதான் அடித்துக்கொண்டது.

இப்படி ஒன்றரை வருடம். எத்தனையோ முறை சொல்ல வாயெடுத்தார். பரீட்சை முடியட்டும், அவள் சளி குணமாகட்டும், மழை விடட்டும் என்று தனக்குத்தானே சப்பைக்கட்டு கட்டிக்கொண்டார். இனிச் சொல்லி என்ன ஆகப்போகிறது என்பது கடைசியாகக் கண்டுபிடித்த சாக்கு. அது ரொம்ப நாள் தாங்கியது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை அவர் குளியலறையில் முகத்துக்குச் சோப்பு நுரை பூசிக்கொண்டிருந்தார். அம்மா கடைக்குப் போயிருந்தாள். எதிர்வீட்டுப் பெண் வந்து வக்கீலோடு பேசுவது கதவு வழியே கேட்டது. அந்தப் பெண்ணுக்குப் பள்ளி முடியப்போகிறது. அதுவும் ஓயாமல் எதையாவது கேட்கிற ரகம்தான்.

"அக்கா, எனக்கு அந்தத் தூரத்துக் காலேஜ்தான் ஆசை. கிளாஸ் முடிஞ்சப்புறமும் நிறைய நடக்குமாமே அங்க?"

"யார் சொன்னா?"

"புத்தகத்துல போட்டிருக்கு."

"புத்தகத்தை நம்பாத. எங்கப்பா நேர்ல போய் மூணு நாள் இருந்து பாத்துட்டு வந்தார். அஞ்சு மணிக்கு மேல ஈ காக்கா கிடையாது. நானும் உன்ன மாதிரிதான் ஆசைப்பட்டேன். எல்லா இடமும் ஒண்ணுதான்னு இப்பப் புரிஞ்சுபோச்சு. பேசாம பக்கத்துலயே சேந்துடு."

"உங்கப்பா நல்லாப் பாத்தாரா அக்கா?"

"எங்கப்பா பாக்காத ஒண்ணைச் சொல்ல மாட்டாருடி."

அவர் கையிலிருந்த ரேசர் தொட்டியில் விழுந்தது. பாதி முகம் நுரையோடு, துண்டைத் தோளில் போட்டபடி முன்னறைக்கு வந்து நின்றார். எதிர்வீட்டுப் பெண்ணுக்கு அந்தக் கோலத்தைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டது.

"நீ அங்க போம்மா" என்றார் அவர் அந்தப் பெண்ணிடம். "நல்ல காலேஜ். நான் பொய் சொன்னேன்."

எதிர்வீட்டுப் பெண் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தது. அம்மா கூப்பிடுகிறாள் என்று, யாரும் கூப்பிடாமலே சொல்லிவிட்டு நழுவியது. வக்கீல் நாற்காலியில் அசையாமல் இருந்தாள்.

"என்ன பொய்?"

"எல்லாமே. ஆறு மணிக்குப் பதினொரு ரூம்ல ஆள் இருந்தாங்க. இருபத்தேழு நோட்டீஸ் கையால எழுதினது. லைப்ரரில அட்டை கிழிஞ்ச புத்தகம் ஒரு அலமாரி நிறைய. உன் தாள்ல எழுதிக்கூட வச்சேன். ஸ்டேஷன்ல இறங்கறப்போ என் பைலதான் இருந்துச்சு."

அழுவாள் என்று நினைத்தார். தட்டை எடுத்து எறிவாள், அம்மா வந்ததும் சொல்வாள் என்றெல்லாம் ஒன்றரை வருடமாக நினைத்து வைத்திருந்தார். அவள் ஒன்றும் செய்யவில்லை. மெல்லிய குரலில், "என்ன பேசிட்டிருந்தாங்க?" என்று கேட்டாள்.

சொன்னார். லிஃப்ட் நின்றதை, உள்ளே எட்டுப் பேர் உட்கார்ந்திருந்ததை, ரெண்டே நிமிஷம் அண்ணா என்றதை, கையைத் தூக்கிய ஆசிரியரைக் காக்க வைத்ததை எல்லாம் சொன்னார். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வரிசைக் கேள்வியைச் சொன்னார். கால்வலியை அன்பளிப்பாகக் கொடுக்கலாமா என்ற இடத்துக்கு வந்தபோது அவள் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டாள்.

"அது தப்புப்பா. அவங்க கேள்வியையே தப்பாப் பிடிச்சிருக்காங்க. வலி யாரோடதுன்னு ஏன் பாக்கணும்? பின்னால நிக்கறவன் என்ன நம்பி நிக்கறான்? முன்னால இத்தனை பேர்தான்னு எண்ணி நிக்கறான். அந்த எண்ணிக்கையை நடுவுல மாத்தினா, அவன்கிட்ட சொன்ன வாக்கை மீறின மாதிரி. அதை யாரும் சொல்லலையா? அந்தத் தாடி என்ன சொன்னான்?"

இரண்டு கையும் காற்றில் பறந்தன. கண்கள் பெரிதாகிவிட்டன. ஒன்றரை வருடமாகக் காணாமல்போன வக்கீல் எதிரே உட்கார்ந்து அவரைக் குறுக்கு விசாரணை செய்துகொண்டிருந்தாள். அவர் தான் குற்றவாளி என்பதையே மறந்துபோனார். "யாரும் அதைச் சொல்லலம்மா! நீ சொல்றதுதான் சரி. நீ மட்டும் அன்னிக்கு அங்க இருந்திருந்தா..." என்று உற்சாகத்தில் சொல்லிவிட்டார்.

அவள் கைகள் அப்படியே மடிக்கு வந்தன.

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். அவர் முகத்தில் நுரை காய்ந்து இழுத்தது. துடைத்துக்கொள்ளத் தோன்றவில்லை.

"ஏம்பா?" என்றாள்.

"ரொம்ப நல்லா இருந்துச்சும்மா. அதான். மோசமா இருந்திருந்தா உள்ளதைச் சொல்லியிருப்பேன். நீயே வேண்டாம்னு சொல்லியிருப்ப. அங்க உனக்குன்னு ஒரு நாற்காலியே கிடந்துச்சு. போனா திரும்ப வரமாட்டன்னு தோணுச்சு."

"வந்திருப்பேன்ப்பா" என்றாள் அவள். "லீவுக்கு லீவு வந்து, அவங்க பேசினதெல்லாம் உங்ககிட்டத்தான் சொல்லியிருப்பேன். வேற யார்கிட்ட சொல்லுவேன்?"

அவர் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்துவிட்டார். அழுகை வந்தது. வெட்கமில்லாமல் அழுதார். அவள் எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். துண்டின் நுனியை நனைத்து, காய்ந்த நுரையைத் தானே துடைத்தும் விட்டாள். திட்டவில்லை. தன் தப்பைத் தாண்டி அவள் தன்னைப் பார்த்துக்கொள்வதைத் தாங்க முடியாமல், அவருக்கு எதையாவது உடனே சரிசெய்துவிட வேண்டும் என்று பரபரத்தது. பழுது என்று தெரிந்தால் சும்மா உட்காரத் தெரியாத ஆள்.

"இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகலம்மா. இங்க அடுத்த வருஷம் முடிஞ்சிடும். மேல்படிப்பு அங்க இருக்கு. நீ அங்க சேரு. ஹாஸ்டல், ரயிலு எல்லாம் நான் பாத்துக்கறேன். அடுத்த மாசம் அந்த லிஃப்ட்டுக்கு சர்வீஸ் வருது. நானே போறேன். அந்தப் புதன்கிழமைக் கூட்டம் இன்னும் நடக்குதா, யார் யார் வராங்க, எல்லாத்தையும் விசாரிச்சு, ஒண்ணு விடாம எழுதி, பாத்துட்டு வந்து சொல்றேன்."

அவள் ஈரத் துண்டைப் பிழிந்து நாற்காலி முதுகில் விரித்துப் போட்டாள். குரலில் கோபம் இருந்திருந்தால் அவர் பிழைத்திருப்பார். அது இல்லை. வெளியாளிடம் பேசுகிற மரியாதையோடு, ரொம்ப மெதுவாகச் சொன்னாள்.

"வேண்டாம்ப்பா. நானே போய்ப் பாத்துக்கறேன்."